கத்திரி போனாலும் போகாத வெயில்

நெல்லைக்குக் கோடை கத்திரியோடு முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால், அவர் இந்த ஊரில் ஒரு ஆனி மாதத்தைக்கூட முழுசாகக் கழித்ததில்லை என்று எழுதியே கொடுப்பேன். மே 28 வாக்கில் தொலைக்காட்சியில் 'அக்னி நட்சத்திரம் இன்றுடன் நிறைவு' என்று ஒரு பட்டை ஓடும். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் போன் போட்டு, "இனிமே உங்களுக்கென்ன, குற்றாலத்துல சாரல் ஆரம்பிச்சிருமே" என்பார்கள். ஆரம்பிக்கும்தான். தென்காசிக்காரருக்கு ஆரம்பிக்கும். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே, பாளையங்கோட்டையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அப்போதுதான் அடுத்த சுற்று வெயில் தொடங்கும். அது ஆவணி தாண்டி, புரட்டாசியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கோடை என்றால் மார்ச், ஏப்ரல், மே என்று எல்லோர் தலையிலும் பதிந்துபோய்விட்டது. இந்திய வானிலைத் துறையும் பிப்ரவரி கடைசியில் மார்ச் முதல் மே வரைக்கான கோடை முன்னோட்டத்தை வெளியிடுகிறது. மார்ச் கடைசியில் ஏப்ரல், மே, ஜூனுக்கு இன்னொன்று. இன்ன தேதியில் இத்தனை டிகிரி என்று அதில் இருக்காது. மூன்று மாதச் சராசரி இயல்பை விடக் கூடுமா, இயல்பாக இருக்குமா, குறையுமா, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று மட்டும்தான் நாட்டுப் படத்தில் வண்ணம் தீட்டிக் காட்டுவார்கள். மின்சாரத்துக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. அந்தப் படத்தில் தாமிரபரணிப் பள்ளத்தாக்கு பேனா முனை அளவுகூட இருக்காது என்பதுதான் நம் சங்கடம்.

அந்தப் பேனா முனைக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். மேற்கே 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர் மலை. கிழக்கே புன்னைக்காயலில் கடல். நேர்க்கோட்டில் அளந்தால் இரண்டுக்கும் நடுவே நூறு கிலோமீட்டர் தேறாது. ஆறு வளைந்து நெளிந்து 125 கிலோமீட்டர் சொச்சம் ஓடுகிறது. மலை மேலே ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை என்று நான்கு மழைமானிகள். அங்கே ஒரு வருஷத்தில் பெய்கிற மழை பாளையங்கோட்டையின் மழையைப் போலப் பல மடங்கு. ஊத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீ குடிக்கிற அதே நேரத்தில் வண்ணார்பேட்டையில் தார் இளகிக் கொண்டிருக்கும். இந்த இரண்டுக்கும் சேர்த்து 'திருநெல்வேலி மாவட்டம்' என்று ஒரே வரியில் முன்னறிவிப்பு வரும்.

முதலில் பனியைச் சொல்லிவிடுகிறேன், அது சின்ன விஷயம். பிசான அறுவடை நடக்கிற மாசி மாதத்தில், வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிற ராத்திரிகளில், வயல் ஈரமும் காற்றில்லாத குளிரும் சேர்ந்து விடிகாலையில் ஆற்றங்கரையோரம் மூடுபனியாகப் படுத்துக் கிடக்கும். சேரன்மகாதேவி, கோபாலசமுத்திரம் பக்கம் காலை பஸ்ஸில் போனால் ஓட்டுநர் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போவார். எட்டு மணிக்கு வெயில் ஏறியதும் இருந்த இடம் தெரியாது. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். எங்கள் ஆச்சி பனி அடர்த்தியாக இருந்த காலையில், "இன்னைக்கு மத்தியானம் பொளந்து கட்டும் பாரு" என்பாள். அதில் தப்பில்லை. இரவில் தரையின் சூடு தடையில்லாமல் மேலே போகிற அளவுக்கு வானம் தெளிவாக இருந்ததால்தான் பனி விழுந்தது. அதே தெளிந்த வானத்தில்தான் பகல் வெயிலும் தடையில்லாமல் இறங்கும். மாஞ்சோலைப் பக்கம் மே மாதத்தில்கூட நீங்கள் பார்க்கிற 'பனி' இந்த வகையே இல்லை. அது மலைமேல் உரசிப் போகிற மேகம். அதற்குள்ளே நீங்கள் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

பங்குனியில் கதை மாறும். திருநெல்வேலி எட்டே முக்கால் டிகிரி வடக்கு அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. அதனால் ஏப்ரல் 12 வாக்கில், அதாவது சித்திரை பிறப்பதற்கு ஓரிரு நாள் முன்பே, நடுப்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே வந்துவிடுகிறது. கம்பத்தை நட்டால் நிழல் விழாது. சென்னைக்கு அந்த நாள் ஏப்ரல் 24, 25இல் வரும். பஞ்சாங்கத்துக் கத்திரி பரணியின் மூன்றாம் பாதத்தில் தொடங்கி ரோகிணி முதல் பாதத்தில் முடியும். அதற்கு வேலூரும் ஒன்றுதான், வள்ளியூரும் ஒன்றுதான். சூரியன் அப்படிப் பார்ப்பதில்லை. வடக்கே போய்விட்டுத் திரும்பும்போது ஆகஸ்ட் 30 வாக்கில் மறுபடியும் நம் தலைக்கு மேலே வருகிறது. ஆவணித் திருவிழாவுக்குத் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களைக் கேட்டால் இதற்குக் கணக்கெல்லாம் தேவையில்லை என்பார்கள், உள்ளங்காலே சொல்லிவிடும்.

பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு பிசுபிசுப்பு உண்டு. மன்னார் வளைகுடாவிலிருந்து ஈரம் வந்துகொண்டே இருக்கும். பகல் முழுக்க வெந்து, சாயங்காலம் கடல்காற்று ஐம்பது கிலோமீட்டர் உள்ளே வந்து சேர்ந்ததும் மொட்டை மாடியில் கொஞ்சம் உயிர் வரும். பதநீரும் நுங்கும் ரோட்டோரம் வந்துவிடும். ஓலைப் பட்டையில் நுங்கை வெட்டிப் போட்டு அதன் மேல் பதநீரை ஊற்றிக் குடிக்கிறவனுக்கு 'கோடைப் பானங்கள் பத்து' என்று வருகிற கட்டுரைகள் எதுவும் தேவைப்படாது. ராத்திரிதான் கொடுமை. சுவர் உள்வாங்கிய சூடெல்லாம் பன்னிரண்டு மணிக்கு மேல் வெளியே வரும். மின்விசிறி அந்தச் சூட்டையே அள்ளி நம் மேல் போடும்.

இந்தப் புழுக்கத்திலிருந்து பிறக்கிறதுதான் கோடை இடி. இந்தப் பள்ளத்தாக்கின் வானிலையில் எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான், பயப்படுகிற பகுதியும் இதுதான். காலையில் வானத்தில் ஒன்றும் இருக்காது. பதினொரு மணிக்கு மேல் மலைச்சரிவு சூடேறி, அதன் மேலுள்ள காற்று கிளம்பும். கிழக்கிலிருந்து கடல்காற்று, கொண்டல் என்று பழைய ஆட்கள் சொல்வது, ஈரத்தைத் தள்ளிக்கொண்டு மேற்கே வரும். கணவாய்கள் வழியாகக் கேரளத்துப் பக்கக் காற்று எதிரே வரும். இரண்டும் முட்டிக்கொள்கிற இடம் பெரும்பாலும் மலையடிவாரம்: களக்காடு, அம்பாசமுத்திரம், கடையம். முட்டிய காற்றுக்குப் போக வேறு வழியில்லை, மேலேதான் போக வேண்டும். இரண்டு மணிக்கு வெள்ளைக் கோபுரமாக நின்ற மேகம் மூன்றரைக்கு அடிவயிறு கறுத்து, பன்னிரண்டு பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்த் தலை விரித்துவிடும். வானிலை அறிக்கையில் 'குமரிக்கடல் வரை நிலவும் காற்றின் திசை மாறுபடும் பகுதி' என்று ஒரு வாசகம் ஏப்ரலில் அடிக்கடி வரும். அதைக் கண்டால் சாயங்காலம் மேற்கே பார்த்து வையுங்கள்.

அதே அறிக்கையில் 'ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை' என்று இருக்கும். நம் ஊரில் மழை வராவிட்டால் உடனே வானிலைத் துறையைத் திட்டுகிறோம். அவர்கள் கணக்கில் அந்த வாசகத்துக்குப் பொருள், பகுதியிலுள்ள மழைமானிகளில் கால்வாசிக்கு மேல் நனையாது என்பது. முக்கால்வாசிப் பேருக்கு மழை கிடையாது என்று நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார்கள். கோடை இடிமேகம் நாலைந்து கிலோமீட்டர் அகலத்தில் வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். மேலப்பாளையத்தில் சாக்கடை நிரம்பி ஓட, கேடிசி நகரில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். மழையே வராமல் வெறும் காற்று மட்டும் வருகிற நாளும் உண்டு. மலையடிவாரத்தில் பெய்த மழை குளிர வைத்த காற்று, மேகத்தை விட வேகமாகத் தரையோடு தரையாக ஓடி வரும். புழுதி, பிளாஸ்டிக் பை, யாரோ காயப்போட்ட லுங்கி எல்லாம் பறக்கும். பத்து நிமிஷத்தில் வெக்கை குறைந்து மண்வாசனை வரும். வாசனையோடு சரி.

வாழைக்காரர்களுக்கு இந்தக் காற்று எமன். களக்காடு, திருக்குறுங்குடி பக்கம் ஏத்தன் வாழை குலை தள்ளி நிற்கிற பருவமும் இடிமழைப் பருவமும் ஒன்றாக வந்து தொலைகிறது. மேலே பாரம், கீழே சதைத்தண்டு. சூறைக்காற்று அரைமணி நேரம் அடித்தால் தோப்பு முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். மறுநாள் பத்திரிகையில் 'சூறைக்காற்றில் ஆயிரக்கணக்கான வாழைகள் சேதம்' என்று ஒரு படம் வரும். சித்திரைதோறும் வருகிற படம் அது; ஊர்ப் பெயர் மட்டும் மாறும். சேதம் 33 சதவீதத்தைத் தொட்டால்தான் பேரிடர் நிவாரணக் கணக்குக்குள் வரும் என்பதால் ஆட்கள் வந்து ஒடிந்த மரத்தை எண்ணுவார்கள். சேரன்மகாதேவிப் பக்கத்து டீக்கடையில் ஒரு வாழை அண்ணாச்சி சொன்னது இது: "மழை வேண்டாம்னு யாரு தம்பி சொல்லுதா? காத்தை விட்டுட்டு மழை மட்டும் வரணும். அதுக்குத்தான் ஆள் இல்ல."

கரிசல் பக்கம் போனால் இதே மழைக்காகக் காத்திருப்பார்கள். கோவில்பட்டிச் சுற்று ஊர்களில் சித்திரை முதல் நாள் பொன்னேர் பூட்டுவது, ஒரு கோடை மழையாவது பெய்து மண்ணைப் புரட்ட முடியும் என்கிற நம்பிக்கையில்தான். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்ற பழமொழி அங்கே வெறும் பேச்சில்லை. அங்கிருந்து தூத்துக்குடி உப்பளத்துக்குப் போங்கள். பாத்தியில் உப்பு விளைந்து வாருகிற சமயத்தில் ஒரு மழை விழுந்தால், அதுவரை வெயிலில் காய்ச்சிய உப்புநீர் மறுபடியும் வெறும் தண்ணீர் ஆகிவிடும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டில் அதிக உப்பு விளைகிற இடம் அது. ஆக ஒரே மேகம், ஒரே சாயங்காலம், மேற்கே ஒருவர் தலையில் கை வைக்க, நடுவே ஒருவர் கை கூப்ப, கிழக்கே இன்னொருவர் மறுபடியும் தலையில் கை வைக்கிறார். 'நல்ல மழை' என்று செய்தியில் வாசிக்கிறவர்கள் யாருக்கு நல்ல மழை என்று சேர்த்து வாசித்தால் தேவலை.

இடி பற்றிப் பேசும்போது 2024 மே 17ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த வருஷம் ஏப்ரல் முழுக்கச் சுட்டெரித்துவிட்டு, மே நடுவில் கோடை மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை பிற்பகல். பழைய குற்றால அருவியில் வழக்கமான கூட்டம் குளித்துக்கொண்டிருந்தது. மேலே காட்டில் பெய்த மழை கீழே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. சில நிமிஷத்தில் தண்ணீர் நிறம் மாறி, படிக்கட்டெல்லாம் ஆறாகப் பாய்ந்தது. அலறி ஓடியவர்களின் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். அதற்குப் பிறகு அருவிகளில் குளிக்கத் தடை, எச்சரிக்கைப் பலகை எல்லாம் வந்தது.

குற்றாலத்துச் சீசன் வெள்ளமும் இதுவும் வேறு வேறு. ஆனி, ஆடியில் சாரல் நாள்கணக்கில் நின்று பெய்யும். அருவி படிப்படியாக ஏறும். ஆபத்து வளைவைத் தண்ணீர் தொடுவதைக் கண்ணால் பார்க்கலாம், காவலர் விசில் அடிக்க நேரம் இருக்கும். சித்திரை, வைகாசி மழை ஒரே இடத்தில் குத்திக் கொட்டும். சின்னஞ்சிறு நீர்ப்பிடிப்பு, செங்குத்துச் சரிவு, கோடையில் காய்ந்து இறுகிய பாறை. விழுந்த தண்ணீர் நிற்க இடமில்லாமல் அப்படியே வந்து இறங்கும். அருவிக்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். ஆகவே கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மலைக்குப் பின்னால் கறுத்திருக்கிறதா, தண்ணீரில் சருகும் செம்மண்ணும் வருகிறதா என்று பாருங்கள். மத்தியானம் இரண்டு மணிக்குள் குளித்து முடித்துக் கரையேறிவிடுவது உத்தமம். மின்னலுக்கு 'தாமினி' என்று புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தாரின் செயலி இருக்கிறது; நீங்கள் நிற்கிற இடத்தைச் சுற்றி மின்னல் விழுகிறதா என்று காட்டும். ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் போனில் அதை ஏற்றிக் கொடுத்தால் புண்ணியம். ஒவ்வொரு சித்திரையிலும் மின்னலுக்கு முதலில் ஆளாகிறவர்கள் அவர்கள்தான்.

இனி என் பிரதான வழக்குக்கு வருகிறேன்.

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1. 2023இல் ஜூன் 8ஆம் தேதி வந்தது, 2024இல் மே 30, 2025இல் மே 24. தேதி எப்படி இருந்தாலும் மலைக்கு அந்தப்பக்கம் மழை பிடித்த மறுநாள் நம் பக்கம் மேகாத்து, அதாவது மேற்குக் காற்று, பிடிக்கும். அரபிக்கடலின் ஈரக்காற்று மலையில் ஏறும்போது தன்னிடமிருந்த நீரைக் கொல்லத்துக்கும் பத்தனம்திட்டாவுக்கும் கொடுத்துவிடுகிறது. மேகத்துக்குள் ஏறும் காற்று ஆயிரம் மீட்டருக்கு ஐந்தாறு டிகிரி குளிரும். அதே காற்று ஈரத்தை இழந்து இந்தப்பக்கம் இறங்கும்போது ஆயிரம் மீட்டருக்குப் பத்து டிகிரி சூடேறும். ஏறி இறங்கிய கணக்கில் நமக்கு நாலு டிகிரி கொசுறு. இதோடு விட்டாலாவது பரவாயில்லை. அந்த மேற்குக் காற்றின் வேகத்தில் சாயங்காலக் கடல்காற்று உள்ளே வரவே முடியாது. சித்திரையில் இருந்த ஒரே ஆறுதலும் போச்சு.

தென்காசிக்கு மட்டும் ஏன் விலக்கு என்றால், செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்ந்து கிடக்கிறது. காற்று உயர ஏறாமலேயே, மழையைச் சிந்திக்கொண்டே உள்ளே நுழைந்துவிடும். செங்கோட்டையிலிருந்து புனலூர் ரயிலில் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழையும்போது ஒரு வானிலை, வெளியே வரும்போது வேறொன்று. கிழக்கே வர வர சாரல் தேய்ந்துகொண்டே வரும். தென்காசியில் குடை, பாவூர்சத்திரத்தில் கைக்குட்டை, ஆலங்குளத்தில் மேகத்தின் நிழல் மட்டும். சீதபற்பநல்லூர் வந்தால் அதுவும் இல்லை. மாவட்டத்தைப் பிரித்து 2019 நவம்பரில் தென்காசியைத் தனியாக்கினார்கள். மழை அதற்கு ரொம்ப நாள் முன்பே பிரித்துவிட்டது.

ஆனி வெயிலின் குணமே வேறு. சித்திரையில் வேர்த்து ஊற்றும். ஆனியில் வேர்ப்பதே தெரியாது, வேர்வை தோலில் நிற்பதற்குள் காற்று குடித்துவிடும். உதடு வெடிக்கும், கண் எரியும். கொடியில் போட்ட வேட்டி அரைமணியில் அப்பளமாகிவிடும். ஒரே நல்ல காரியம், மண்பானைத் தண்ணீர் சித்திரையை விட ஆனியில் ஜில்லென்று இருக்கும். உலர்ந்த காற்றில் பானையின் கசிவு வேகமாக ஆவியாவதால். பாளையங்கோட்டையின் சராசரி உச்ச வெப்பத்தை மாதவாரியாக எடுத்துப் பார்த்தால் மே மாதத்துக்கும் ஆகஸ்டுக்கும் ஓரிரு டிகிரிதான் வித்தியாசம். நெல்லையப்பர் ஆனித் தேர் இழுக்கிற கூட்டத்தைப் பாருங்கள். நான்கு ரத வீதியிலும் வீட்டுக்காரர்கள் குடம் குடமாகத் தண்ணீரும் மோரும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். நெல்லைக் காயப்போட்டபோது பெய்த மழையில் நெல் நனையாமல் வேலி கட்டிய சாமி என்பது தலபுராணம். இந்த வெயிலுக்கு அவர் ஒரு பந்தலும் போடவில்லையே என்று தேர் வடம் பிடித்தபடி நினைத்துக்கொள்வதுண்டு.

இந்தக் காற்றைக் காசாக்கிக் கொண்டவர்கள் காற்றாலைக்காரர்கள். முப்பந்தல், பணகுடி, இராதாபுரம், கயத்தாறு என்று கணவாய் வாசல்களில் நிற்கிற விசிறிகள் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை ஓய்வில்லாமல் சுற்றும். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல். அதில் பெரும் பங்குக்கு இந்தத் தெற்கத்திக் கணவாய்கள்தான் மூலதனம். திருச்செந்தூர் அருகே செக்கச்செவேலென்று கிடக்கிற குதிரைமொழித் தேரியும் காற்று சேர்த்துவைத்த மணல்தான். ஆடிக் காற்றில் அந்தப் பக்கம் பைக்கில் போனால் முகத்தில் அறைகிற மணல், தேரி வேலை இன்னும் முடியவில்லை என்று சொல்லும்.

ஆற்றுக்காரர்களுக்கு இந்தக் காலம் வெயிலை விட அணையைப் பற்றிய கவலை. கார் சாகுபடிக்கு ஜூன் தொடக்கத்தில் பாபநாசம் அணை திறக்க வேண்டும். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. காலையில் பத்திரிகையைப் பிரித்ததும் அணை நீர்மட்டக் கட்டத்துக்குப் போகிறவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சி. மணிமுத்தாறு பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியது. பாபநாசத்துக்கு இரண்டு பருவமும் உண்டு. அந்த இரட்டை வருமானத்தால்தான் தாமிரபரணி வற்றாத ஆறு என்று பெயர் வாங்கியது, சுமார் 86,000 ஏக்கர் பாசனமும் நடக்கிறது. மேற்கே மலையுச்சியில் மேகம் கவிந்து கிடக்கிற நாளில் பாளையங்கோட்டையில் கானல் நீர் ஓடினாலும், கோடகன் காலிலும் பாளையங்கால்வாயிலும் தண்ணீர் வரும் என்பது உறுதி. வெயிலைத் திட்டிக்கொண்டே அந்த மேகத்தைக் கும்பிடவும் வேண்டியிருக்கிறது. எல் நினோ வருஷங்களில் இந்த மேற்குப் பங்கு குறையப் பார்க்கும். வடகிழக்குப் பருவமழையோ பல சமயம் கூடுதலாகக் கொடுக்கும். அதாவது கார் அடி வாங்கலாம், பிசானம் தப்பிக்கும். 'எல் நினோ வந்துவிட்டது, தமிழகத்துக்கு வறட்சி' என்று அலறுகிற தலைப்புகளில் பாதியைத் தள்ளிவிட்டுப் படியுங்கள்.

சரி, இத்தனை நீண்ட வெயிலுக்கு அரசாங்கக் கணக்கில் என்ன பெயர்? பெரும்பாலும் ஒரு பெயரும் இல்லை. சமவெளியில் வெப்ப அலை என்று அறிவிக்க உச்ச வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். கூடவே அந்த நாளின் இயல்பை விட நாலரை டிகிரியாவது தாண்ட வேண்டும். அல்லது நேராக 45ஐத் தொட வேண்டும். மே மாத இயல்பே 37, 38 என்றிருக்கிற ஊரில் 42ஐத் தாண்டினால்தான் வெப்ப அலை. தொலைக்காட்சியில் 'இன்று சதமடித்த ஊர்கள்' என்று ஃபாரன்ஹீட்டில் பட்டியல் போடுவார்கள். வேலூர், கரூர் பரமத்தி, மதுரை விமான நிலையத்தோடு பாளையங்கோட்டையும் அதில் அடிக்கடி இருக்கும். நூறு, நூற்றொன்று, நூறு, நூற்றிரண்டு என்று மூன்று மாதம் நிதானமாக விளையாடுகிற ஆளுக்கு அந்தப் பட்டியலில்கூட மரியாதை இல்லை. ஒரே நாள் 110 அடிக்கிற ஊருக்குத்தான் தலைப்புச் செய்தி. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல காரியம். ஆனால் ஆகஸ்டில் நெல்லைச் சந்திப்பில் மூட்டை தூக்கிவிட்டுச் சுருண்டு விழுகிறவருக்கு, அன்றைக்கு வெப்ப அலை என்று யாரும் அறிவித்திருக்க மாட்டார்கள்.

முன்னறிவிப்பு என்பது நமக்கொன்றும் புதிதில்லை. மார்கழியில் சூரியன் பூராடத்தில் நடக்கிற பதினான்கு நாள் வாக்கில் வானத்தில் மேகம் ஓடுகிற விதத்தைப் பார்த்து, வரப்போகிற மழையைக் கணிப்பதைக் கர்ப்போட்டம் என்பார்கள். மேகம் கருக்கொண்டு 195 நாளில் மழை பெறும் என்பது வராகமிகிரர் எழுதிவைத்த கணக்கு. ஆறு மாதத்துக்கு முன்பே மேகத்துக்குப் பேறுகாலம் குறித்தவர்கள் நாம். அது பலித்ததா என்று வருஷாவருஷம் யாரும் கணக்கு வைத்துச் சரிபார்த்ததில்லை என்பதுதான் அதில் எனக்குள்ள குறை. கருவி வைத்துப் பார்த்த ஆளும் இந்த மலையில் இருந்திருக்கிறார். திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த ஜான் ஆலன் புரூன், 1855இல் அகத்தியர் மலை உச்சிக்கே கருவிகளைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு ஆய்வுக்கூடம் கட்டினார். அட்டையும் யானையும் மழையும் இருக்கிற அந்த உச்சியில், நூற்றெழுபது வருஷத்துக்கு முன்பு ஆட்கள் தங்கி அளவெடுத்தார்கள். இன்று அதே உச்சியில் ஒரு தானியங்கிக் கருவி வைத்து, மலைமேல் கொட்டுகிற மழையைக் கால்மணிக்கு ஒருமுறை அருவிக்கரைக்குச் சொல்வது அவ்வளவு கஷ்டமா?

நான் கேட்பது பெரிசொன்றும் இல்லை. நெல்லைக்கான கோடை அறிக்கையை மலை, அடிவாரம், சமவெளி, கடலோரம் என்று பிரித்துத் தாருங்கள். அதை மே 31இல் மூடாமல் செப்டம்பர் வரை இழுங்கள். நடு ஆகஸ்டிலும் பள்ளி விளையாட்டு வகுப்பை மத்தியானம் வைக்காதீர்கள். தண்ணீர்ப் பந்தலை ஜூன் மாதம் பிரிக்காதீர்கள். கட்சிக்காரர்கள் சித்திரையில் போட்டி போட்டுத் திறக்கிற பந்தல்கள் கத்திரி முடிந்ததும் கம்பை உருவிக்கொண்டு போய்விடுகின்றன. பானை மட்டும் கொஞ்ச நாள் கவிழ்ந்து கிடக்கும்.

இந்தப் பக்கம் வர நினைக்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. சித்திரை, வைகாசியில் வந்தால் அருவியைக் காலையிலேயே முடித்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊருக்குள் வந்துவிடுங்கள். மாஞ்சோலை போவதானால் வனத்துறை அனுமதி கிடைக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் வந்தால் தென்காசியில் தங்குங்கள். பாளையங்கோட்டையில்தான் அறை என்றால் மேற்குப் பார்த்த அறை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். "சார், நல்லா காத்து வரும்" என்று சொல்லித் தருவார்கள். வரும்.